கண்ணே இருந்த இடத்தில் கர்த்தாவே

டெஸ்ஸி மே கால்ட்வெல் டெட்ராய்ட்டில் செத்துப்போன செய்தி பெல்லமி ஊருக்கு வந்த அன்று, மவுண்ட் நெபோ சபையில் ஒருவரும் அழவில்லை. அழுதால் அவள் பாட்டைக் கேட்டிருப்பது தெரிந்துவிடும். ஆராதனை முடிந்து அவரவர் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சன்னமாக வைத்துக் கேட்டு அழுதார்கள். கதவைச் சாத்தினார்களே தவிர, ஜார்ஜியாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்த முடியவில்லை. அன்று சாயங்காலம் தெரு முழுக்க ஒரே பெண்ணின் குரல்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் நம்பினார்கள்.

அவள் அந்தச் சபையில்தான் பாடி வளர்ந்தாள். அவள் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. சபையில் “கர்த்தாவே” என்று பாடிய மெட்டுகளை எடுத்து “கண்ணே” என்று போட்டுப் பாடினாள். மெட்டு அதே, ஏங்குவது அதே, முழங்காலில் விழுந்து கெஞ்சுவதும் அதே. ஆள் மட்டும் மாறிவிட்டான். உலகம் அதற்குக் கிறுக்குப் பிடித்து ஆடியது. மவுண்ட் நெபோ சபை அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேள் என்றது. “மெட்டு இங்கேருந்து எடுத்ததுதானே, உங்ககிட்டயே எதுக்கு மன்னிப்பு?” என்று அவள் கேட்டாள். அப்போது இளம் பெண்ணாக இருந்த அர்வெல்லா சைக்ஸ் எழுந்து, “இவளைச் சபையில் வைக்கக் கூடாதென்று ஆவியானவர் எனக்குச் சொல்கிறார்” என்றாள். எல்லாரும் கை தூக்கினார்கள். மஞ்சள் கவுன் போட்ட டெஸ்ஸி மே நடுவழியாக நடந்து வெளியே போனாள். போனவள்தான்.

அதற்குப் பிறகு அவள் இசைத்தட்டு இல்லாத வீடு அந்தச் சபையில் கிடையாது. எல்லாம் பக்திப் பாட்டு உறைக்குள் ஒளிந்திருந்தன.

இப்போது அவள் பெட்டியில் திரும்பி வருகிறாள். சபைக்குப் பின்பக்கத்துக் கல்லறையில், அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்திருக்கிறாள். அட்லாண்டாவிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரப்போகிறது, ரேடியோக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், பாஸ்டர் தாடியஸ் விட்லோவுக்கு அவள் மேல் திடீரென்று பெரும் பாசம் வந்துவிட்டது. வாசலில் மாட்ட ஒரு பலகை எழுதவே கொடுத்துவிட்டார்: “டெஸ்ஸி மே கால்ட்வெல்லைப் பெற்று வளர்த்த தாய்ச்சபை.” துரத்தியதற்குப் பலகையில் இடம் போதவில்லை.

ஒரு சிக்கல்தான். வருகிறவர்கள் அவள் பாட்டைக் கேட்காமல் போக மாட்டார்கள். அவள் பாட்டிலோ எல்லாம் ஆம்பளை, படுக்கை, விளக்கணைப்பு. இதை எப்படிப் பரிசுத்த பீடத்தின் முன் பாடுவது?

புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் சபையின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். பாஸ்டர் இருந்தார். பாடகர் குழுத் தலைவி சிஸ்டர் ஐடெல்லா இருந்தாள். சபைத் தாய் என்ற பட்டத்தோடும் வெள்ளைத் தொப்பியோடும், எண்பதைத் தாண்டிய சைக்ஸம்மா இருந்தாள். அவள்தான் அன்றைக்கு எழுந்து நின்ற அர்வெல்லா. ஓரத்தில் ஆர்கன் வாசிக்கும் லெமுவேல் கேய்தர் உட்கார்ந்திருந்தான். மரமில்லிலிருந்து நேராக வந்ததால் அவன் தலைமுடியில் மரத்தூள் இருந்தது.

“விஷயம் சுலபம்,” என்றார் பாஸ்டர். “அந்தப் பொண்ணு நம்ம பாட்டுல கர்த்தரை எடுத்துட்டு ஆம்பளையை வெச்சா. நாம ஆம்பளையை எடுத்துட்டுக் கர்த்தரை மறுபடி வெச்சிடுவோம். சிஸ்டர், முதல் பாட்டு.”

ஐடெல்லா தொண்டையைச் செருமினாள். புருஷன் இரவு வேலைக்குப் போனபின் வருகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. சொன்னபடி ஆளை மாற்றிப் பாடினாள்:

“மெல்ல வாரும் இயேசுவே, படிக்கட்டு சத்தம் போடும்;
என் நாய்க்கு உம்மைத் தெரியும், அது குரைக்காது.”

தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டது.

“இயேசு எதுக்கு மெல்ல வரணும்? யாருக்குப் பயந்து?” என்றாள் சைக்ஸம்மா.

“இரவில் திருடன் வருகிறவிதமாய் வருவார்னு வேதத்துலயே இருக்கேம்மா,” என்றார் பாஸ்டர்.

“திருடன் மாதிரி வந்தா நாய் குரைக்கணுமே.”

“குரைக்கலைன்னா அடிக்கடி வந்து போற ஆள்னு அர்த்தம்,” என்றான் லெமுவேல்.

“பிரதர் லெமுவேல், உங்ககிட்ட நான் வாசிக்கத்தான் சொன்னேன்,” என்றார் பாஸ்டர். “அடுத்தது.”

அடுத்தது அடுப்பைப் பற்றிய பாட்டு. என் அடுப்பு அணையவில்லை, நீ எப்போது வந்தாலும் சூடாக இருக்கும் என்று போகும். பாஸ்டர் முகம் மலர்ந்தது. அதில் ஆம்பளையே இல்லை, எதையும் மாற்ற வேண்டாம், எலியாவின் பலிபீடத்தில் இறங்கிய அக்கினி என்று அறிவித்துவிடலாம் என்றார்.

“பாஸ்டர், எனக்கு ஏழு பிள்ளைங்க,” என்றாள் சைக்ஸம்மா. “அது எந்த அடுப்புன்னு எனக்குத் தெரியும்.”

அந்தப் பாட்டும் போயிற்று. கடைசியாக மிஞ்சியது அவளுடைய பாட்டுகளிலேயே பெரிய பாட்டு. தெருவில் போகிற நாய்க்குக்கூட முழுதாகத் தெரிந்த பாட்டு. விடிந்தால் தன் வீட்டுக்குப் போயாக வேண்டிய ஒருவனைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறாள் ஒருத்தி:

“அது விடியல் இல்ல கண்ணே, எதிர்வீட்டு விளக்கு;
உன் சட்டையைத் தேடாதே, அதன்மேலதான் படுத்திருக்கேன்.”

பாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். திடீரென்று மேஜையைத் தட்டினார். “யாக்கோபு!” என்றார். “ஆதியாகமம் முப்பத்திரண்டு. யாக்கோபு ராத்திரி முழுக்கத் தேவதூதனோட போராடுறான். பொழுது விடியுது, என்னைப் போகவிடுங்கிறார் தூதன். ஆசீர்வதிச்சாலொழிய விடமாட்டேன்கிறான் யாக்கோபு. இது யாக்கோபோட பாட்டு. எழுதிக்கோங்க சிஸ்டர்.”

கொஞ்ச நேரத்தில் பாட்டு குளித்துத் தலைசீவிப் பவ்யமாக வந்து நின்றது:

“அது விடியல் இல்ல கர்த்தாவே, உம் மகிமையின் விளக்கு;
உம் வஸ்திரத்தைத் தேடாதிரும், அதைத்தான் பற்றிக்கொண்டேன்.”

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் லெமுவேலுக்குப் பயமாக இருந்தது. வார்த்தையை எத்தனை தேய்த்துக் குளிப்பாட்டினாலும், மெட்டின் மேல் அந்தப் பழைய அத்தர் வாசனை அடித்தது.

எழுந்து போகும்போது பாஸ்டர் அவன் தோளில் கை போட்டார். “பிரதர், வெளியாட்கள் நிறைய வர்றாங்க. கர்த்தரோட இந்த வீட்டுக்குள்ள நீங்க வாசிக்கும்போது ஒரு உலக வார்த்தை, சட்டை படுக்கைன்னு ஒண்ணே ஒண்ணு, யார் வாயிலிருந்து வந்தாலும், வாசிக்கிறதை அங்கேயே நிறுத்திடணும். நிறுத்தலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த பெஞ்சுல டெஸ்மண்ட் உட்காருவான். புரியுதா?”

டெஸ்மண்ட் பாஸ்டருடைய மச்சான். அவனிடம் ஒரு கீபோர்டு உண்டு. பொத்தானை அமுக்கினால் அதுவே மேளம் அடிக்கும், அதுவே கைதட்டும். சபையார் கைதட்டத் தேவையில்லை.

லெமுவேலுக்கு நன்றாகப் புரிந்தது. மில்லில் பலகை அடுக்குகிறவன் அவன். வாரம் முழுக்க நின்றே வேலை. மேஸ்திரிக்கு இத்தனை வருஷத்தில் அவன் பெயர் தெரியாது; “ஏய்” என்பான், இரண்டு பேர் திரும்பினால் “நீ இல்ல, அவன்” என்பான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அவன் உட்காருகிறான், மற்றவர்கள் நிற்கிறார்கள். அவன் விரல் எழுந்தால் சபை எழும், அவன் விரல் படிந்தால் சபை உட்காரும். அந்த பெஞ்சுப் பலகை அவன் உடம்புக்கு ஏற்றபடி குழிந்தே போயிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் அவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான்.

வீட்டில் அவன் மனைவி லூவெர்ன் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் விரல் நின்றது. தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சிரிக்காதடி. என் பெஞ்சு போகப்போகுது.”

“அந்தப் பாட்டுல வார்த்தையை மாத்திக்கலாம் லெம், வாயை மாத்த முடியாது. ஊர்ல யாருக்கு அது மறக்கும்? நம்ம ரெண்டாவது பையன் எப்படி வந்தான்னு நெனைச்ச? அந்தப் பாட்டுதான். இசைத்தட்டைத் திருப்பிப் போட நீ எந்திரிக்கவே இல்ல.”

“அதான் யோசிக்கிறேன். சனம் சேர்ந்து பாடாம இருக்க என்ன வழி?”

“எல்லாருக்கும் வாயில கோழிக்காலைக் குடு.”

அவன் வேறு வழி கண்டுபிடித்தான். பாட்டை மெதுவாக வாசிப்பது. சவ ஊர்வலம் போல, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து, எந்தப் பாட்டு என்று யாருக்கும் அடையாளமே தெரியாதபடி வாசிப்பது. ஐடெல்லா பாடி முடிக்கிறவரை சனம் ஏதோ கீர்த்தனை என்று நினைத்து உட்கார்ந்திருக்கும். பிறகு ஆமென். மில்லில் பலகை அடுக்கும்போதெல்லாம் அதையே மனசுக்குள் இழுத்து வாசித்துப் பார்த்தான். ஒரு பலகையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க மறந்து நின்றான். “ஏய்” என்றான் மேஸ்திரி.

சனிக்கிழமை காலையில் ஊர் கொள்ளவில்லை. பஸ்கள் பருத்திக்காட்டு ஓரம் வரைக்கும் நின்றன. கப்பல் அகலத் தொப்பி போட்ட பெண்கள், பளபளக்கும் செருப்புப் போட்ட கிழட்டு மாப்பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் என்று சபை பிதுங்கியது. ஜன்னலுக்கு வெளியிலும் நின்றார்கள். எல்லார் கையிலும் சவ அடக்கக் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறி. முன்னால் வெண்கல நிறப் பெட்டியில் டெஸ்ஸி மே, மஞ்சள் கவுனில். அந்த நிறம்தான் வேண்டும் என்று அவளே சொல்லி வைத்திருந்தாளாம். சைக்ஸம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறவில்லை.

பாஸ்டர் பேசினார். எங்கள் மடியில் தவழ்ந்த குழந்தை என்றார். அவள் போன வழியெல்லாம் எங்கள் ஜெபம் கூடவே போனது என்றார். துரத்தியவர்களில் உயிரோடிருந்தவர்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பிறகு அவர் யாக்கோபைப் பற்றி ஆரம்பித்தார். ராத்திரி முழுக்கப் போராடியதை விவரித்தபோது பின்வரிசையில் யாரோ ஒரு பெண் “ம்ம்ம், சொல்லுங்க பாஸ்டர்” என்றாள். அவள் சொன்ன விதத்தில் நாலைந்து விசிறிகள் முகத்தை மறைத்துக்கொண்டன.

ஐடெல்லா எழுந்தாள். லெமுவேல் விரலை வைத்தான். மாட்டு வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி மெட்டு ஏறியது.

“அது… விடியல்… இல்ல… கர்த்தாவே…”

சபை அமைதியாக இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான் லெமுவேல். அவன் கணக்கில் தப்பு எங்கே என்றால், வேகமான பாட்டில் ஆட்கள் தொற்றிக்கொள்ள ஓடிவர வேண்டும். மெதுவான பாட்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றும். “மகிமையின்” என்ற சொல்லை அவன் இழுத்த இழுப்பில், அட்லாண்டாக்காரர்கள் அத்தனை பேரும் உள்ளே ஏறிவிட்டார்கள்.

“…எதிர்வீட்டு விளக்கு.”

முதலில் பின்வரிசை. பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள். பிறகு, சொல்லக் கூடாது, சபையாரும். கண்ணை மூடி, கையை உயர்த்தி, முகத்தில் அத்தனை பக்தியோடு, “உன் சட்டையைத் தேடாதே” என்று பாடினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட வாசல் காப்பவர்கள் பாடினார்கள். காணிக்கைத் தட்டைப் பிடித்திருந்த மூப்பர் பாடினார். லூவெர்ன் அவனையே பார்த்துப் பாடினாள். ஐடெல்லா ஒருத்திதான் “வஸ்திரம், வஸ்திரம்” என்று ஆற்றில் அடித்துப் போகிறவள் போலக் கத்திக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் கழுத்தில் விரலால் அறுத்துக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம். லெமுவேல் பயந்து சத்தத்தைக் குறைத்தான். அது இன்னும் மோசம். ஆர்கன் குறைந்ததும் சட்டையும் படுக்கையும் தெளிவாகக் கேட்டன. ரேடியோக்காரன் மைக்கை உயர்த்திப் பிடித்தான். பாஸ்டர் பெஞ்சைச் சுட்டிக் காட்டினார், பிறகு டெஸ்மண்டைச் சுட்டிக் காட்டினார். லெமுவேல் கையை எடுக்கத்தான் போனான். சத்தியமாக எடுக்கத்தான் போனான்.

அப்போது ஒரு வெள்ளைத் தொப்பி பறந்து வந்து ஆர்கன் மேல் விழுந்தது.

சைக்ஸம்மா எழுந்து நின்றிருந்தாள். கைத்தடி கீழே கிடந்தது. “அல்லேலூயா” என்று ஒரு சத்தம், அடுத்து குதிகால் தரையில் தடதடவென்று. ஆவியில் நிறைந்து ஆடினாள். இதற்கென்றே நர்ஸ் உடை போட்டு நிற்கும் இரண்டு சகோதரிகள் ஓடிவந்து, கீழே விழாதபடி இரண்டு பக்கமும் கை விரித்து நின்றார்கள்.

மவுண்ட் நெபோவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் ஆவியில் ஆடும்போது ஆர்கன் நிற்கக் கூடாது. அவர்களாக ஓய்ந்து உட்காருகிறவரை வாசிப்பவன் அவர்கள் காலைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்துவது ஆவியானவர் முகத்தில் கதவைச் சாத்துவது. பாஸ்டரானாலும் சரி, ஜனாதிபதியானாலும் சரி.

லெமுவேல் பாஸ்டரைப் பார்த்தான். சைக்ஸம்மாவின் காலைப் பார்த்தான். நான் என்ன செய்ய என்று முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டினான். கால் வேகமாகப் போனது. விரலும் வேகமாகப் போயிற்று. மாட்டு வண்டி ரயிலாகிவிட்டது. சனம் எழுந்துகொண்டது. விடியலும் விளக்கும் சட்டையும் கூரையில் மோதித் திரும்பின.

பாஸ்டர் மைக்கைப் பிடித்து “ஆமென், சபையே, ஆமென்” என்று முடிக்கப் பார்த்தார். சைக்ஸம்மா கொஞ்சம் தளர்வாள், நாற்காலிப் பக்கம் சாய்வாள். பாஸ்டர் மூச்சு விடுவார். உடனே அவளுக்கு மறுபடி ஏறிவிடும். நாலைந்து தடவை இப்படி ஆயிற்று. கடைசித் தடவையில் லெமுவேல் ஒன்றைப் பார்த்தான். மைக்கை இறக்கிவிட்டு நின்ற பாஸ்டரின் உதடு அசைந்தது. அது யாக்கோபின் வார்த்தை இல்லை. “அதன்மேலதான் படுத்திருக்கேன்” என்று அட்சரம் பிசகாமல் அசைந்தது. நிமிர்ந்தவர் கண்ணும் லெமுவேல் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. பாஸ்டர் இருமினார்.

அடக்கம் முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. வறுத்த கோழி, பன்றிக்கறி போட்டு வேகவைத்த கீரை, பாலாடைக்கட்டி மக்ரோனி, பீச் பழ இனிப்பு. லெமுவேல் தட்டில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் சுவரோரம் நின்றான். பாஸ்டர் வந்தார், பின்னால் டெஸ்மண்ட்.

“பிரதர் லெமுவேல், நான் என்ன சொல்லியிருந்தேன்…”

“பாஸ்டர்,” என்றாள் சைக்ஸம்மா. மேஜையில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் மேஜை முழுக்க வாய் மூடிற்று. “ஆர்கன்காரனை மாத்தப் போறதாக் கேள்விப்பட்டேன். இன்னைக்கு இந்தச் சபையில ஆவியானவர் இறங்கினாரா, இல்லையா?”

பாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். ரேடியோக்காரன் பக்கத்து மேஜையில் கீரை தின்றுகொண்டிருந்தான். இல்லை என்றால் சபைத் தாய் உலகப் பாட்டுக்கு ஆடினாள் என்று ஆகும். ஆமாம் என்றால் அந்தச் சட்டைக்குத்தான் ஆவியானவர் வந்தார் என்று ஆகும்.

“இறங்கினாரும்மா,” என்றார்.

“அப்ப அவர் வந்த பெஞ்சை எதுக்கு மாத்தணும்? அந்தப் பொத்தான் பெட்டிக்கு அவர் வருவாரா?”

டெஸ்மண்ட் தன் தட்டைப் பார்த்தான்.

“மாத்தறதா யார் சொன்னது?” என்றார் பாஸ்டர். “பிரதர் லெமுவேல் நல்லா வாசிச்சார்னு சொல்லத்தான் வந்தேன்.” லெமுவேல் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டியது கொஞ்சம் பலமாகவே இருந்தது.

லெமுவேல் சைக்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். தொப்பியைத் திருப்பிக் கொடுத்தான். “அம்மா, ஒண்ணு கேக்கலாமா? மேல நடந்தது, நெசமாவே ஆவிதானா?”

அவள் எலும்பைத் தட்டில் வைத்தாள். விரலைத் துணியில் துடைத்தாள்.

“ரொம்ப வருஷம் முன்னாடி எழுந்து நின்னு, ஆவியானவர் சொன்னார்னு சொன்னேன். அன்னைக்கு அவர் ஒண்ணும் சொல்லலடா. அவ குரல் என் குரலைவிட நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு வந்தாரா இல்லையான்னு நீ கேக்கிற. அன்னைக்கு யாராவது கேட்டீங்களா?”

லெமுவேல் கீரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஆனா நீ வாசிச்சியே ஆரம்பத்துல, அது என்னடா வாசிப்பு?” என்றாள். “பொணம்கூட எந்திரிச்சுப் போயிடும். அவ்வளவு மெதுவா வாசிச்சா இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஆடறது? தொப்பியை எறிஞ்சாத்தான் உனக்குப் புரியுமா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் பலகை மாட்டியிருந்தது. லெமுவேல் அதைப் படித்துக்கொண்டே உள்ளே போய்த் தன் பெஞ்சுக் குழியில் உட்கார்ந்தான். வாரம் முழுக்க நின்ற இடுப்பு வலி அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது. பாஸ்டர் அடக்க ஒடுக்கமாகத் துதியும் மகிமையும் சொல்லி, அமைதியான கீர்த்தனை ஒன்று வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார்தான், சொல்லவில்லை.

முதல் வரிசையிலிருந்து சைக்ஸம்மா முன்னால் சாய்ந்தாள். கைத்தடியைப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். தொப்பி தலையில் இருந்தது.

“லெமுவேலு,” என்றாள் மெதுவாக, “அந்த நாய்ப் பாட்டு எந்த சுருதி?”